மூன்றரை மில்லிகிராம்

1

டெல்லிக்கு வந்து இந்த வாரத்தோடு இருபத்திரண்டு வருடம் முடிகிறது. என் கணவர் ஜனக்புரி மார்க்கெட்டில் கேக் வாங்கி வந்தார். மகள் தாரிணி மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "ஸ்பீச் அம்மா, ஸ்பீச்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை, கோபம்தான் வந்தது. நாலு மாதமாக நெஞ்சில் கிடக்கிற கோபம். கேக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் கதையை ஆரம்பித்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறைக்குள் நழுவிவிடுவார்கள். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது.

ஒவ்வொரு முறை விருதுநகருக்கு வரும்போதும் கேட்கிறீர்கள், டெல்லியில் என்ன வேலை என்று. கேலிப்ரேஷன் லேப் என்றால் ரத்தப் பரிசோதனையா என்கிறீர்கள். போன தடவை ஒரு சித்தப்பா தன் சுகர் ரிப்போர்ட்டையே எடுத்து நீட்டிவிட்டார். இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் எடைக்கல்லுக்கு எடை போடுகிறவள். மருந்துக் கம்பெனிகளிலும் நகைப் பட்டறைகளிலும் தராசுகள் இருக்கின்றன. அந்தத் தராசு சரியா என்று பார்க்க அவர்களிடம் எடைக்கற்கள் இருக்கின்றன. அந்தக் கற்கள் சரியா என்று யார் பார்ப்பது? மாயாபுரியில், பழைய லாரிகளைப் பிரித்துப் போடும் கடைகளுக்குப் பின்னால் ஒரு இரண்டு மாடிக் கட்டடத்தில் நாங்கள் பார்க்கிறோம். பார்த்து, சான்றிதழ் கொடுக்கிறோம். அதன் அடியில் கையெழுத்துப் போடும் உரிமை அங்கே இரண்டு பேருக்குத்தான் உண்டு. எடைப் பிரிவில் அது நான். நாலு மாதத்துக்கு முன்பு வரை.

2

சான்றிதழில் ஒரு எண் மட்டும் இருக்காது. பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு இன்னொரு எண் இருக்கும். நாங்கள் அளந்தது இவ்வளவு, ஆனால் இந்தப் பக்கம் இவ்வளவும் அந்தப் பக்கம் இவ்வளவும் எங்களுக்கே நிச்சயமில்லை என்று நாங்களே ஒப்புக்கொண்டு எழுதித் தருவது. உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். டாக்டர் செய்கிறாரா? ஜோசியர் செய்கிறாரா? இந்த நிச்சயமின்மையைக் கணக்குப் போடுவதுதான் என் வேலையில் பாதி. தராசின் குணம், அறையின் வெப்பம், காற்றின் அடர்த்தி, நாங்கள் ஒப்பிடுகிற கல்லின் சந்தேகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

என் அம்மா பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். பௌதிகம் படித்தவர் இல்லை. ஆனால் இந்த விஷயம் அவருக்கு நன்றாகவே தெரியும். துவரம்பருப்பு ஒரு கிலோ ஒரு கடையில் வாங்கி, எதிர்க் கடையில் போட்டுப் பார்த்தார். இருபது கிராம் குறைந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோது கடைக்காரர், "அதெல்லாம் தராசுன்னா முன்ன பின்ன காட்டத்தான் செய்யும் டீச்சரம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தால் கிளார்க்கும் டீச்சர்தான் அவருக்கு. அம்மா பையை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "முன்ன பின்னன்னா, என்னைக்காவது ஒரு நாள் முன்ன காட்டிருக்கா?" கடையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் இருபது கிராமை அள்ளிப் போட்டார். கூட்டல் கழித்தல் என்று சொல்லிவிட்டு எப்போதும் கழித்தலிலேயே நிற்பது நிச்சயமின்மை இல்லை, திருட்டு. எம்.எஸ்ஸி.யில் இதற்கு ஒரு முழுப் பாடம் இருந்தது.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களைப் போன்ற லேப்களுக்கும் பரீட்சை உண்டு. ஒரே கல்லை லேப் லேப்பாக அனுப்புவார்கள். முதலில் ஒரு பெரிய லேப் அதை அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொருவரும் அளந்து, தன் எண்ணையும் தன் நிச்சயமின்மையையும் மூடிய உறையில் அனுப்புவதுபோல ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். மற்றவர் எண் தெரியக் கூடாது. கடைசியில் பெரிய லேப்பின் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, இரண்டு பேருடைய சந்தேகத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். ஒன்றுக்குள் வந்தால் பாஸ். தாண்டினால் ஃபெயில். வித்தியாசம் இருப்பது தப்பே இல்லை. நீங்கள் ஒப்புக்கொண்ட சந்தேகத்தைத் தாண்டி வித்தியாசம் இருந்தால்தான் தப்பு. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு பாருங்கள்.

இந்த முறை ஏழு லேப்கள். ஒரு கிலோ துருப்பிடிக்காத எஃகுக் கல், மரப்பெட்டியில் வெல்வெட் துணிக்குள். நாங்கள் ஐந்தாவது. பெட்டியைத் திறந்ததும் கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அடி விளிம்பில் புதிதாக ஒரு சின்னப் பொளிவு, துளி உலோகம் பெயர்ந்துபோன தடம், நகம் வைத்தால் தட்டுப்பட்டது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். கூடவே வந்த தாளில் 'வந்து சேர்ந்தபோது நிலை' என்ற கட்டத்தில் முந்தைய நான்கு பேரும் ஓகே, ஓகே, ஓகே, ஓகே என்று எழுதியிருந்தார்கள். நான் பொளிவை விவரித்து எழுதி, ஃபோட்டோ எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். "நன்றி, குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. இந்த ஊரில் குறித்துக்கொண்டோம் என்றால் குப்பையில் போட்டோம் என்று அர்த்தம் என்பது இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடினால் எங்கள் தராசு நடுங்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனேன். காலை ராஜோரி கார்டனில் வண்டி மாறி, காலியான மெட்ரோவில் போய் இறங்கினேன். கல் அதற்கு முன்பே ஒரு நாள் முழுக்கத் தராசின் பக்கத்தில் இருந்து அறையின் சூட்டுக்குப் பழகியிருந்தது. எங்கள் கல், அவர்கள் கல், அவர்கள் கல், எங்கள் கல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பத்துச் சுற்று. அடுத்த ஞாயிறும் போய் இன்னொரு பத்துச் சுற்று. விடை ஒன்றுதான்: ஒரு கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் குறைவு. என் நிச்சயமின்மை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றரை மில்லிகிராம். அனுப்பிவிட்டேன்.

கல்லை அடுத்த லேப்புக்கு அனுப்பிய நாலாம் நாள் சேகர் ஃபோன் பண்ணினான். கல் அடுத்துப் போனது அவன் வேலை பார்க்கும் ஃபரிதாபாத் லேப்புக்குத்தான், சேலத்துப் பையன், தமிழ்ச் சங்கப் பொங்கலில் பழக்கம். அவனுக்கு இரண்டு குழந்தைகள், தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, நான்தான் இன்னும் பையன் என்கிறேன்.

"அக்கா, ஒரு கிலோ உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா."

"என்னக்கா, நமக்குள்ள என்ன? எல்லாரும் கேட்டுக்கிறதுதானே. நாம ரெண்டு பேரும் தமிழாளுங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க வேணாமா?"

"நீ கல்லை எடுத்து வச்சு அளந்து பாரு சேகர். எவ்ளோ வருதோ அதை எழுது."

"சரிக்கா, விடுங்க. முதல் லேப்ல கேட்டுக்கறேன். அங்க நம்ம பாண்டேஜி இருக்காரு."

இதுதான் வழக்கம். பரீட்சைக்கு முன்னால் ஃபோன் போட்டுக் கேட்பது. மூடிய உறை என்பதெல்லாம் தாளில்தான். நான் கேட்டதில்லை, சொன்னதில்லை. அதனால் எனக்கு எங்கள் வட்டாரத்தில் 'மேடம் ஜி கொஞ்சம் கறார்' என்று பெயர். அது பாராட்டு இல்லை.

4

முடிவு வந்தது. ஆறு பேர் பாஸ். ஒருவர் ஃபெயில்.

பெரிய லேப்பின் எண் 2.1 மில்லிகிராம் கூடுதல், அவர்கள் நிச்சயமின்மை 0.6. முதல் நான்கு பேரும் இரண்டைச் சுற்றி. எனக்குப் பின்னால் வந்த சேகரும் ஏழாவது லேப்பும் இரண்டைச் சுற்றி. நான் மட்டும் கீழே, 1.4 குறைவு. வித்தியாசம் மூன்றரை மில்லிகிராம். வகுத்தால் இரண்டுக்கும் மேல். மூன்றரை மில்லிகிராம் என்றால் நாலைந்து சீனி மணி, அவ்வளவுதான். அந்த நாலைந்து மணியில் என் இருபது வருட வேலை போய் நின்றது.

எங்கள் முதலாளி கன்னா சாஹேப் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்கே வந்து இனிப்பு கொடுப்பார். அது வேறு.

"மீனா ஜி, இது என்ன?"

"கல் அடிபட்டிருக்கு சார். ஃபோட்டோ அனுப்பினேன். கல் திரும்பிப் போனதும் பெரிய லேப்ல மறுபடி அளந்தாங்களான்னு கேளுங்க. ரூல்ல இருக்கு."

"அதை அப்புறம் பார்க்கலாம். ரெண்டு வாரத்துல அங்கீகாரம் புதுப்பிக்க ஆள் வராங்க. ஒரு வேலை செய்யுங்க. உங்க நிச்சயமின்மையை ஒன்றரைன்னு போட்டிருக்கீங்க. அதை நாலுன்னு மாத்தி, திருத்தம்னு அனுப்பிடுங்க. பாஸ் ஆயிடும்."

கணக்கு சரிதான். நாலு என்று போட்டால் விடை ஒன்றுக்குள் அடங்கிவிடும். மனிதர் கால்குலேட்டரில் போட்டே வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற சான்றிதழில் ஒன்றரை என்று மார்தட்டிக்கொள்கிறோம். அதைப் பார்த்துத்தான் மருந்துக் கம்பெனிகள் எங்களிடம் வருகிறார்கள். பரீட்சை என்றதும் மட்டும், ஐயா நாங்கள் பாமரர்கள், நாலு வரை எங்களுக்குச் சந்தேகம் உண்டு என்று பணிந்துவிட வேண்டுமா? சந்தேகம் என்ன பெல்ட்டா, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ள? இதையெல்லாம் என் ஹிந்தியில் சொன்னேன். கோபத்தில் என் ஹிந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் கலந்து ஓடும். வெளியே இருந்தவர்கள் சிரித்தது கேட்டது.

"அப்போ இன்னொரு வழி" என்றார் கன்னா, சிரிக்காமல். "அளந்ததில் மனிதத் தவறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. திருத்த நடவடிக்கை, மறுபயிற்சி, ஃபைல் மூடியாச்சு. ரெண்டும் முடியாதுன்னா, கையெழுத்து உரிமையை நான் ரோஹனுக்கு மாத்த வேண்டி வரும்."

ரோஹன் அவர் அக்கா மகன். எம்.பி.ஏ. கல்லைக் கையுறை இல்லாமல் எடுத்து இரண்டு முறை என்னிடம் திட்டு வாங்கியவன்.

5

அன்று சாப்பாட்டு மேஜையில் சொன்னேன்.

"உன் மேல தப்பில்லன்னு உனக்குத் தெரியும்ல, அது போதாதா?" என்றார் கணவர். வங்கியில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட மனிதர் கேட்கிற கேள்வியா இது?

தாரிணி ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எவ்ளோ டிஃபரன்ஸ் அம்மா?" என்றாள்.

"மூணரை மில்லிகிராம்."

"பஸ், அவ்ளோதானா? இத்தனூண்டுக்கா இவ்ளோ டிராமா? சைன் பண்ணிட்டு வா யார், கதம், முடிஞ்சுது."

பெற்ற தாயை 'யார்' என்கிறாள். அந்த ஹிந்தி வார்த்தை இங்கே எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான், டேய் மாதிரி, அதற்கு நான் கோபப்படுவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. நான் எழுதும் இந்தக் குறிப்பை அவளால் படிக்க முடியாது. ஜனக்புரியிலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாங்கள்தான் கான்வென்ட்டில் சேர்த்தோம், அந்தக் குற்றம் எங்களுடையது. ஆனால் 'இத்தனூண்டு' என்றாளே, அதுதான் சுட்டது. மாத்திரையில் மருந்தே சில மில்லிகிராம்தான் இருக்கும். அதை நிறுக்கிற தராசுக்கு மூன்றரை என்றால் என்ன என்று இருபது வருடமாக இந்த வீட்டில் நான் பேசவே இல்லையா? பேசியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆமாம், போட்டுவிட்டேன். நாலாக மாற்றினால் எங்கள் சான்றிதழ்கள் எல்லாமே பொய்யாகும், மனிதத் தவறு என்றால் நான் ஒருத்திதானே அசிங்கப்படுவேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பெரிய தியாகி என்று நினைப்பு. அதற்குப் பிறகு படிவம் ஆரம்பித்தது. தவறு செய்தவருக்கு மறுபயிற்சி தர வேண்டும். எடைப் பிரிவில் பயிற்சி தரத் தகுதி உள்ளவர் யார்? நான்தான். ஆக, பயிற்சி அளித்தவர்: மீனாட்சி. பயிற்சி பெற்றவர்: மீனாட்சி. எனக்கு நானே பத்துக் கேள்வி தயாரித்து, நானே எழுதி, நானே திருத்தினேன். முழு மதிப்பெண் போட்டால் சந்தேகம் வரும், ஒன்பது போடுங்கள் என்றார் கன்னா. பத்தாவது கேள்விக்கு வேண்டுமென்றே தப்பாகப் பதில் எழுதினேன். அந்தத் தாளை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்ததைத் தாரிணி பார்த்துவிட்டாள். இங்கிலீஷ் ஆயிற்றே, படிக்க முடியும்.

"அம்மா, இதுல நீ ராங்கா மெஷர் பண்ணேன்னு எழுதியிருக்கு. நீ கரெக்ட்னு சொன்னே இல்ல?"

"கரெக்ட்தான்."

"ஃபிர் கியூ?"

பிறகு ஏன் என்று கேட்டாள். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

6

பத்து நாள் கழித்து ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கடிதம். கல் திரும்பி வந்தபின் பெரிய லேப்பில் மறுபடி அளந்தார்களாம். முடிவை அறிவிப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. 1.2 மில்லிகிராம் குறைவு. எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் வெறும் 0.2. நான் சரி. ஆனால் கடிதத்தில் அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. 'கல்லின் நிலைத்தன்மை போதாமையால் இந்தச் சுற்று ரத்து செய்யப்படுகிறது, யாருக்கும் மதிப்பீடு இல்லை' என்று இரண்டு வரி.

யோசித்துப் பாருங்கள். கல் என்னிடம் வரும்போதே அடிபட்டு எடை குறைந்திருந்தது. எனக்குப் பின்னால் அளந்த இருவருக்கும் பழைய எண் எப்படி வந்தது? வரவே முடியாது. அளந்திருந்தால் வந்திருக்காது. இதை ஒருவரும் கேட்கவில்லை. ரத்து என்ற ஒரு வார்த்தையில் எல்லாரும் குளித்து மூழ்கி எழுந்துவிட்டார்கள்.

சேகர் சந்தோஷமாகக் கூப்பிட்டான். "தப்பிச்சோம் அக்கா!"

"நீ அந்தக் கல்லைப் பெட்டியை விட்டு வெளிய எடுத்தியா சேகர்?"

"எங்க தராசு சர்வீஸுக்குப் போயிருந்துச்சுக்கா. டேட் வேற முடியப் போச்சு. என்ன பண்றது?"

"உன் பிள்ளைங்களுக்கு மருந்து வாங்கும்போது, அந்தக் கம்பெனிக் கல்லை எந்த லேப் பாத்துச்சுன்னு கேட்டு வாங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கன்னாவிடம் போய், சுற்றே ரத்தாகிவிட்டது, என் படிவத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். எண் போட்டு ஃபைலில் ஏறிய ஆவணத்தை நீக்க முடியாது, நீக்கினால் அதற்கு ஒரு திருத்த நடவடிக்கை எழுத வேண்டும் என்றார்.

7

அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மதிப்பீட்டாளர் வந்தார். ஓய்வுபெற்ற விஞ்ஞானி, நிதானமான மனிதர், டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்து என் படிவத்தில் நின்றார். நிமிர்ந்து, "பஹுத் அச்சா" என்றார். தவறை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மறுபயிற்சியும் எடுத்த லேப்பை இப்போதெல்லாம் பார்க்க முடிவதில்லையாம். மற்ற லேப்களுக்கு உதாரணமாகச் சொல்வேன் என்றார். கன்னாவின் முகம் மலர்ந்தது. மதிப்பீட்டாளர் டிக் போடப் பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த 'பஹுத் அச்சா'வைத்தான் தாங்க முடியவில்லை.

"சார், அது பொய்" என்றேன்.

"எது?"

"நான் தப்பா அளக்கல. அந்தக் கல் அடிபட்டிருந்தது. எண் சரி. இந்தத் தாள்தான் தப்பு."

"கையெழுத்து யாருடையது?"

"என்னுடையது."

"பிறகு ஏன் போட்டீர்கள்?"

கன்னா குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். மதிப்பீட்டாளர் கை காட்டி நிறுத்தினார்.

"பயந்துட்டேன் சார். எனக்கு நாற்பத்தெட்டு வயசு. இந்த வேலை போனா, இந்த ஹிந்தியோட எனக்கு இங்க யார் வேலை தருவாங்க?"

டிக் போடத் திறந்த பேனாவால் அவர் வேறு ஏதோ நீளமாக எழுதினார். பொய்யான பதிவில் கையெழுத்திட்டதற்காக எனக்கு ஆறு மாதம் கையெழுத்து உரிமை கிடையாது. அது நியாயம், அதில் எனக்குப் புகார் இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டு எழுதியவர்களுக்கு ஒன்றும் இல்லை, அதில்தான் புகார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போய் அளக்கிறேன். நான் அளந்த எண்களுக்குக் கீழே ரோஹன் கையெழுத்துப் போடுகிறான்.

மதிப்பீட்டாளர் குறித்த இந்தக் குறைபாட்டுக்கும் ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். மூல காரணம் என்ற கட்டத்தில் மனிதன், இயந்திரம், முறை, பொருள், சூழல் என்று ஐந்து வாய்ப்புகள் இருக்கின்றன. நான் ஐந்தையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பயம்' என்று எழுதினேன். பட்டியலில் இல்லாத காரணம் ஏற்கப்படாது என்று திரும்பி வந்தது. மறுபடி அதையே எழுதி அனுப்பினேன், மறுபடி திரும்பி வந்தது. நேற்று மூன்றாவது முறையாக அதே வார்த்தையை எழுதி அனுப்பியிருக்கிறேன்.